நிழலில் வளர்ந்த நாற்று வெயிலுக்கு வருமுன்



கல்முனைக் கரையோரத்து வீடொன்றின் தாழ்வாரத்தைச் சற்று மனக்கண் முன் கொண்டுவாருங்கள். மார்கழி மழை ஓயாது பொழிகின்றது. சுவரோரமாகச் சில பெட்டிகளிலும் தகரப் பேணிகளிலும் மிளகாய், கத்தரி நாற்றுகள் வளர்கின்றன. அவ்வீட்டுப் பெண் ஐந்து வாரங்களாக நாள் தவறாது நீர் தெளித்து அவற்றைக் காத்து வருகிறார். மாசி பிறக்கிறது, வானம் வெளுக்கிறது. அன்றைக்கே நாற்றுகள் யாவும் வளவின் மணலில் நடப்படுகின்றன. மறுநாள் நண்பகலில் அவை தலை சாய்க்கின்றன. இரண்டொரு நாளில் இலைகளில் வெள்ளைத் திட்டுகள் தோன்றுகின்றன. வார முடிவில் எஞ்சுபவை சிலவே.

விதை சரியில்லை என்பார் ஒருவர். மண் உவர் என்பார் மற்றொருவர். ஆனால் நிழலில் வளர்ந்த நாற்றை ஒரே நாளில் வெட்டவெளியில் விட்டதுதான் பல வேளைகளில் இதற்குக் காரணமாகின்றது. இந்த இழப்பைத் தவிர்க்கும் முறையை விவசாய நூலோர் வன்மைப்படுத்தல் என்பர். அதற்குப் பணம் வேண்டியதில்லை. பத்து நாள் பொறுமையே வேண்டும்.

நிழலில் வளர்ந்த செடிக்கு என்ன குறை என்று முதலில் பார்ப்போம். குறைந்த ஒளியில் வளரும் இலை, கிடைக்கும் ஒளி முழுவதையும் பெறுவதற்காக அகன்றும் மெலிந்தும் விரிகிறது. இலையின் மேல் நீர் வெளியேறாது தடுக்கும் மெழுகுப் படலம் மெல்லியதாகவே அமைகிறது. காற்று வீசாத இடத்தில் நின்ற தண்டு உறுதி பெறுவதில்லை. இத்தகைய செடி திடீரென வெயிலையும் காற்றையும் எதிர்கொள்ளும்போது, வேர் உறிஞ்சும் நீரைவிட இலை இழக்கும் நீர் மிகுந்துவிடுகிறது. அதனால் செடி வாடுகிறது. கடும் ஒளி இலையின் பச்சையத்தையும் சிதைக்கிறது. வெள்ளைத் திட்டுகள் அதன் விளைவே. அவ்வாறு வெளுத்த பகுதி மீண்டும் பச்சையாவதில்லை.

இக்குறை எங்கும் உள்ளதாயினும் நமது கரையோரத்தில் பெருந்தீங்காகிறது. மருதமுனை முதல் நிந்தவூர் வரை, ஊர்களுக்கு மேற்கே வயல்வெளி பரந்து கிடக்கிறது. கிழக்கே கடலோரமாக உள்ள நிலமோ மணற்றரை. மணல் நீரைத் தேக்கி வைப்பதில்லை. நண்பகலில் இளந்தண்டு கருகும் அளவுக்குச் சூடேறுகிறது. உப்பீரம் கலந்த கடற்காற்றும் ஓயாது வீசுகிறது. ஆகவே இங்கு நடப்படும் நாற்றுக்கு ஆயத்தம் இரட்டிப்பாக வேண்டும்.

மருதமுனை நெசவாளர் பாவு நூலுக்குக் கஞ்சி ஊட்டுவதை நேயர்களிற் பலர் கண்டிருப்பீர்கள். கஞ்சி ஊட்டாத நூலைத் தறியில் ஏற்றினால் அது உராய்ந்து அறும். நாற்றுக்கும் அவ்வாறே ஓர் ஊட்டம் தேவை. அந்த ஊட்டம் சிறிது சிறிதாகக் கிடைக்கும் வெயிலும் காற்றுமாகும்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நடுவதற்குப் பத்து நாள் முன்னதாகத் தொடங்குங்கள். முதல் இரண்டு நாளும் காலை வெயிலில் ஒரு மணி நேரம், காற்று நேரே மோதாத இடத்தில், வையுங்கள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் இரண்டு மூன்று மணி நேரம் வைக்கலாம். ஐந்தாம் நாள் முதல் நண்பகல் வரை வெயில் படட்டும், இளங்காற்றும் தீண்டட்டும். ஏழாம், எட்டாம் நாட்களில் பகல் முழுவதும் வெளியே விட்டு, உச்சிப்பொழுதில் மாத்திரம் தென்னோலையால் மெல்லிய நிழல் தாருங்கள். இறுதி இரண்டு நாளும் இரவும் பகலும் வெளியிலேயே நிற்கட்டும். இடையில் இலைகள் வெளுப்பின் ஒரு நாள் பின்வாங்கி, மீண்டும் தொடருங்கள். பெருமழை வந்தால் தாழ்வாரத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இக்காலத்தில் நீரையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். மண்ணின் மேற்பரப்பு உலர்ந்த பின்னரே ஊற்றுங்கள். ஆனால் செடி வாடிக் கிடக்க விடாதீர்கள். யூரியா போன்ற தழைச்சத்துப் பசளைகளை நிறுத்திவிடுங்கள். அவை மென்மையான புதுத் தளிரையே தூண்டும். தும்புத்தூள் நிரப்பிய நாற்றுத் தட்டுகளில் வளர்ப்போர் மேலும் கவனமாயிருத்தல் நன்று. சிறு குழிகள் வெயிலில் விரைவில் உலர்ந்துவிடும்.

அளவு மீறினாலும் தீமையே. பல வாரங்கள் நீரின்றி வருத்தப்பட்ட நாற்று குறுகிக் கட்டையாகி, நட்ட பின்னும் வளர மறுக்கும். குளிர்நாடுகளில் கண்ணாடிக் கூடத்து நாற்றுகளைக் குளிருக்குப் பழக்க இம்முறையைக் கையாளுகின்றனர். நமக்கு அந்தக் கவலை இல்லை. நமது பகை வெயிலும் வறள்காற்றுமே.

நடும் நாளிலும் சில கவனங்கள் உண்டு. காலையில் நாற்றுக்கு நிறைய நீர் ஊற்றி, மாலை நான்கு மணிக்குப் பின் நடுங்கள். குழியில் மக்கிய எருவை மணலுடன் கலந்து இடுங்கள்; அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். செடியைச் சுற்றி வைக்கோலோ சருகோ பரப்பினால் மணலின் சூடு தணியும். ஆனால் தண்டோடு ஒட்டாதிருக்கட்டும். முதல் மூன்று நாள் மேற்குப் பக்கத்தில் ஓர் ஓலைக் கீற்றை ஊன்றி வையுங்கள்.

பத்து நாளா என்று சலிப்போருக்கு ஒரு கணக்குச் சொல்வேன். மாசியில் நாற்றுப் பட்டுப்போனால் மீண்டும் விதைத்து, நாற்றாக்கி, நடுவதற்கு ஐந்து வாரங்களுக்கு மேலாகும். அச்செடி பூத்துக் காய்க்க முயலும் வேளையில் கச்சான் காற்று எழுந்துவிடும். அந்த வறட்சியில் பூக்கள் உதிரும். கிணற்று நீரும் கீழிறங்கும். பத்து நாளைச் சேமிக்க முனைந்தவர் ஒரு போகத்தையே இழக்கிறார். அவ்வீட்டார் அந்தப் போகம் முழுவதும் மிளகாயையும் கத்தரிக்காயையும் கடையில் விலை கொடுத்தே வாங்க நேரும்.

ஆகவே நேயர்களே, மழை வெளுத்த அன்றே மண்வெட்டியைத் தேடாதீர்கள். முதலில் நாற்றுப் பெட்டியைத் தாழ்வாரத்திலிருந்து முற்றத்துக்கு, ஒரு மணி நேரம் மாத்திரம், எடுத்து வையுங்கள்.