உங்களுக்குத் தெரியுமா? குமரிப் பாறைகளின் பழுப்புச் சிப்பி

முட்டம், கடியபட்டணம், குளச்சல் பகுதிப் பாறைகளில் முக்குளித்து எடுக்கும் பழுப்புச் சிப்பியின் ஓடு, அந்த உயிரே சுரந்து கட்டியது. உடலைப் போர்த்திய மெல்லிய சதையின் விளிம்பு, கடல்நீரின் கால்சியத்தைப் புரதத்தோடு சேர்த்து அடுக்கடுக்காகப் படியவைக்கிறது. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான். ஆனால் இடையிடையே ஓடும் அந்தச் சொற்பப் புரதம்தான் அதைச் சட்டென்று நொறுங்கவிடாமல் காக்கிறது. வெறும் சுண்ணாம்புக்கு இந்த உறுதி ஒருபோதும் வராது! பழுப்பு நிறம் மேல்தோலில். உட்புறமோ முத்துப்போல் மினுங்கும்.

கடலில் மிதந்து திரியும், கண்ணுக்குப் புலப்படாத குஞ்சுக்கும் ஓடு உண்டு. நார் சுரந்து பாறையைப் பற்றுவது பிறகுதான்.

1976இல் குரியாகோஸ், நாயர் என்னும் ஆய்வாளர்கள் இந்தப் பழுப்புச் சிப்பிக்கு 'பெர்னா இண்டிகா' என்று பெயரிட்டு, தனி இனமாக விவரித்தார்கள். ஆப்பிரிக்க, தென் அமெரிக்கக் கரைகளில் வாழும் 'பெர்னா பெர்னா'வும் இதுவும் ஒன்றே என்கின்றன பின்னாளைய மரபணு ஆய்வுகள்.

ஓடு கட்டும் இந்த ஆற்றலுக்கு வயது 50 கோடி ஆண்டுகளுக்கும் மேல். சிப்பியின் மெல்லுடலிக் கூட்டத்தையே சேர்ந்த கணவாய், பரிணாமப் போக்கில் ஓட்டை உடலுக்குள் கொண்டுபோய்விட்டது. நம் கடற்கரையில் வெள்ளையாக ஒதுங்கும் கணவாய் ஓடு அதுதான்.