தொட்டில் ஆட்டினால் தலை நிற்குமா?

"டிரசர் ஐயா, பிள்ளைக்கு ரெண்டு வயசாகுது. உட்கார வெச்சா ஒரு பக்கமா சாயுது. தொட்டில்ல போட்டு நல்லா ஆட்டினா சரியாகும்னு சொல்றாங்களே, நெசமா?"

பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மீதிதான் பிள்ளையின் காலத்தை வீணாக்குகிறது.

காது கேட்பதற்கு மட்டும் அல்ல. உட்காதில் வளைந்த குழாய்கள் மூன்று உள்ளன. தலை திரும்பினால் அவற்றுக்குள் இருக்கும் நீர் அசையும். எந்தப் பக்கம் திரும்பினோம் என்ற சேதி மூளைக்குப் போகும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள், அவற்றில் சுண்ணாம்புத் துகள்கள். தலை சாய்ந்தால் இவை சொல்லிவிடும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

பெருமூளை வாதத்தில் கோளாறு பெரும்பாலும் காதில் இல்லை. பிறக்கும் முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த பிறகு சிறு வயதிலோ மூளைக்கு ஏற்பட்ட சேதம் அது. சேதி கிடைத்தாலும் கழுத்தையும் முதுகையும் நிமிர்த்தும் வேலை தடுமாறுகிறது. (கடுமையான மஞ்சள் காமாலையால் இது வந்திருந்தால் காது நரம்பும் கெட்டிருக்கலாம். அந்தப் பிள்ளைகளுக்குச் செவிப் பரிசோதனை கட்டாயம் வேண்டும்.)

1978-இல் அமெரிக்காவில் மூன்று ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளை நாற்காலியில் வைத்துச் சுழற்றிப் பார்த்து, உடலசைவு தேறியது என்று எழுதினார்கள். 1980-இல் வேறு இருவர் அதே மாதிரி செய்து பார்த்தார்கள்; பலன் காணவில்லை. இன்றைக்குப் பிசியோதெரபி படித்தவர்கள் வற்புறுத்துவது வேறு: நாம் ஆட்ட, பிள்ளை சும்மா இருந்தால் அது பயிற்சி ஆகாது. சாயும்போது பிள்ளை தானே நிமிரப் பார்க்க வேண்டும்.

லயத்து வீட்டில் தொங்கும் ஸ்பிரிங் தொட்டில் அழுகையை அடக்கும், தூங்க வைக்கும். அதற்கு அது போதும். ஆனால் சேலைக்குள் முதுகு வளைந்து கிடக்கும் பிள்ளைக்கு நிமிர வேலையே இல்லை. அப்பாவும் அம்மாவும் விடியற்காலை பெரட்டுக்குப் போய்விட, பாட்டி கையில் பகல் முழுதும் தொட்டிலிலேயே கழிகிறது. பாட்டியைக் குறை சொல்ல முடியுமா? அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தரலாம். தரையில் பாய் விரித்து, திண்டுத் தலையணை மீதோ உங்கள் தொடை மீதோ பிள்ளையை உட்கார வையுங்கள். பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும். அக்குளைப் பிடிக்காதீர்கள், இடுப்பைப் பிடியுங்கள். மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து நிறுத்துங்கள். பிறகு காத்திருங்கள். தலை தானாகத் திரும்பி வர நேரமாகும். அவசரப்பட்டு நீங்கள் நிமிர்த்திவிட்டால் போச்சு. கொஞ்சம் தேறியதும் பிடித்த பொம்மையைப் பக்கவாட்டில் காட்டி, எட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம், நாளைக்குப் பல வேளை. முதல் தடவை மட்டும் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் செய்து பழகுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பிடி வேறு.

சுழற்றவே வேண்டாம். இப்பிள்ளைகளில் பலருக்கு வலிப்பு உண்டு. முகம் வெளுத்தாலோ, வாந்தி வந்தாலோ, கண் துடித்தாலோ உடனே நிறுத்துங்கள். சக்கரம் வைத்த நடைவண்டியும் வாங்காதீர்கள். குதிரைச் சவாரி வைத்தியம் முதுகு நிற்க உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் சம்பளத்துக்குக் குதிரையா!

கிள்ளான் வட்டாரத்தார் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்குப் போகலாம். பெட்டாலிங் ஜெயாவில் ஸ்பாஸ்டிக் பிள்ளைகள் சங்கம் பல்லாண்டுகளாகப் பயிற்சி தந்து வருகிறது. சமூகநல இலாகாவில் பிள்ளையைப் பதிந்து ஓ.கே.யு. அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் பி.டி.கே. நிலையம் எங்கே என்றும் அங்கேயே கேளுங்கள். 1984-இல் திரெங்கானு, பத்து ராகிட்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தின் நோக்கமே ஊருக்குள், குடும்பத்தார் கைக்குப் பயிற்சியைக் கொண்டுவருவதுதான்.

போகும்போது கிளினிக் புத்தகத்தை மறக்காதீர்கள். பிறந்தபோது மஞ்சள் காமாலை எத்தனை நாள் இருந்தது, வலிப்பு எப்போது வந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியையும் கூட்டிப் போங்கள்.