இரைச்சலும் கவலையும் உடம்பை என்ன செய்கின்றன?

கோவையிலிருந்து தடாகம் வழியாக மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் சென்றால் ஆனைகட்டி. ஊரின் ஒரு பாதி தமிழ்நாட்டைச் சேர்ந்தது. மறு பாதி கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியைச் சேர்ந்தது. காந்திபுரத்தில் பஸ் ஏறும்போது காதைத் துளைக்கும் ஹாரன் சத்தம், மாங்கரையைத் தாண்டி மலைப்பாதை தொடங்கியதும் அடங்கிவிடுகிறது. பறவைகளை ஆராய்வதற்காக 1990-ல் தொடங்கப்பட்ட சாலிம் அலி மையத்தின் வளாகமும் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு நாள் இங்கே தங்கினால் தலைபாரம் இறங்கிவிடும் என்று வந்துபோகிறவர்கள் சொல்வது வழக்கம். இது வெறும் மனப்பிராந்திதானா, அல்லது உடம்புக்குள் உண்மையிலேயே ஏதேனும் நடக்கிறதா? கஞ்சிக்கோட்டு உருக்காலையிலும் மூணாற்றுத் தேயிலைத் தொழிற்சாலையிலும் நாள் முழுவதும் இயந்திர இரைச்சலில் நிற்பவர்களும், ஆபீஸ் கணக்கோடு வீட்டுக் கடன் கணக்கையும் சேர்த்துச் சுமக்கும் குமாஸ்தாக்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது.

யானை துரத்தும்போது

காட்டுப் பாதையில் யானை எதிர்ப்பட்டால் மனிதன் யோசிப்பதற்கு முன்பே உடம்பு தயாராகிவிடுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் வேலையைத் தொடங்குகின்றன. நெஞ்சு படபடக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, ஜீரண வேலை நின்றுபோகிறது. எல்லாச் சக்தியும் ஓடுவதற்கே. யானை போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இது உயிரைக் காக்கும் ஏற்பாடு; இதில் கெடுதல் இல்லை.

கெடுதல் எப்போது வருகிறது? ஆபத்து மணி அடித்துக்கொண்டே இருக்கும்போதுதான். கனடாவின் மான்ட்ரீல் நகரில் ஹான்ஸ் செலியே என்ற விஞ்ஞானி 1936-ல் இதை எடுத்துக்காட்டினார். எலிகளைக் குளிரில் வைத்தாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது. அட்ரினல் சுரப்பி பெருத்தது. வயிற்றில் புண் உண்டாயிற்று. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியது. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு பிரிவு பக்குவப்படும் இடம் இந்தத் தைமஸ்தான்.

அட்ரினல் சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர்களுக்கு, உடம்பின் எதிர்ப்பை அடக்குவதற்காக டாக்டர்கள் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள் இதே இனத்தைச் சேர்ந்தவை. அப்படியானால், நாள்தோறும் அது அளவுக்கு மீறிச் சுரக்கும் மனிதனின் எதிர்ப்புச் சக்தி என்னவாகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பெங்களூர்ப் பரிசோதனை

மூளைக்கு நேர்வதை நம் பக்கத்து ஊரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தில் சுமந்திர சட்டர்ஜியும் அவருடைய குழுவினரும் எலிகளைத் தினம் 2 மணி நேரம் வீதம் 10 நாட்கள் அசையவிடாமல் வைத்தார்கள். முடிவு 2002-ல் வெளியாயிற்று. ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நரம்பணுக்களின் கிளைகள் குறுகிவிட்டன. பயத்துக்கு இருப்பிடமான அமிக்டலா என்ற பகுதியிலோ கிளைகள் வளர்ந்து படர்ந்திருந்தன.

பிறகு 21 நாட்கள் எலிகளைத் தொந்தரவு செய்யாமல் விட்டார்கள். ஞாபகப் பகுதி தேறியது. பயப் பகுதியின் வளர்ச்சியும் எலிகளின் பதற்றமும் தணியவில்லை. எலிக்கு நேர்ந்தது அப்படியே மனிதனுக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் நெடுநாள் நெருக்கடியில் உழல்பவர்கள், வைத்த சாமானை எங்கே வைத்தோம் என்று தேடுவதும், சின்னச் சத்தத்துக்கெல்லாம் திடுக்கிடுவதும் ஏன் என்பதற்கு இது ஒரு விளக்கம் தருகிறது.

சளி யாருக்குப் பிடிக்கும்?

எதிர்ப்புச் சக்தியைப் பற்றி மனிதர்களிடமே சோதனை நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 394 பேர் சம்மதித்து, சளிக் கிருமிகளை மூக்கில் விட்டுக்கொண்டார்கள். மன நெருக்கடி அதிகமாக இருந்தவர்களையே சளி அதிகம் பிடித்தது. இது 1991-ல் வெளிவந்தது. 2009-ல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், இரவில் 7 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு, 8 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்கியவர்களைவிடக் கிட்டத்தட்ட 3 மடங்காக இருந்தது. அமெரிக்காவில், நினைவிழந்த பெற்றோரையோ உறவினரையோ பராமரித்துவந்த பெண்களுக்குச் சிறிய காயம் ஆறுவதற்கு மற்றவர்களைவிடச் சுமார் 9 நாட்கள் கூடுதலாயின என்று 1995-ல் தெரியவந்தது.

புலன்களுக்கும் தீனி வேண்டும்

அப்படியானால் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு இருப்பதே நல்லதா? அதுவும் இல்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1960-களில் சில எலிகளைத் துணையோடும் விளையாட்டுப் பொருள்களோடும் பெரிய கூண்டில் வளர்த்தார்கள். சிலவற்றைத் தனியே வெறுங்கூண்டில் அடைத்தார்கள். முதல் வகை எலிகளின் மூளைப் புறணி தடித்திருந்தது. பார்க்கவும் கேட்கவும் பழகவும் ஏதேனும் இருந்தால்தான் மூளை செழிக்கும். வேண்டாத இரைச்சல் திணிக்கப்படுவதும் தீங்கு; ஒன்றுமே இல்லாத வெறுமையும் தீங்கு.

எந்தச் சத்தம் நல்லது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 2022-ல் வெளியிட்ட முடிவின்படி, 6 நிமிடம் பறவைகளின் ஒலியைக் கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது; போக்குவரத்து இரைச்சலைக் கேட்டவர்களுக்குச் சோர்வு கூடியது. ஆகவே ஆனைகட்டிக்கு வந்துபோகிறவர்கள் சொல்வது வீண் பேச்சல்ல.

ஆனால் குயில் கூவினால் மட்டும் போதாது. 2013-ல் இதே அட்டப்பாடியில் பழங்குடிக் குழந்தைகள் பலர் சத்துக் குறைவால் மாண்டார்கள். காடும் ஓடையும் சுற்றி இருந்தும், பசியும் நிலமிழந்த கவலையும் அந்தக் குடும்பங்களை விடவில்லை. வயிறு நிறைவதும் நாளைய தினத்தைப் பற்றிய நம்பிக்கையும்தான் முதல் மருந்து.

செய்யக் கூடியவை

எல்லோரும் மலையடிவாரத்தில் குடியேற முடியாது. ஆனால் சிலவற்றைச் செய்ய முடியும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபலுக்கும் இரவில் 45 டெசிபலுக்கும் மேல் சத்தம் கூடாது என்பது 2000-ம் ஆண்டின் மத்திய அரசு விதி. இரவு பத்து மணிக்கு மேல் அலறும் ஒலிபெருக்கியைப் பற்றிப் புகார் செய்யச் சட்டம் இடம் தருகிறது. வேலை செய்யும் இடத்தில், கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் இரைச்சல் அபாய அளவில் இருக்கிறது என்று கொள்ளலாம். காதடைப்பான் கேட்டு வாங்கிக்கொள்வது தொழிலாளியின் உரிமை. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர் ஜன்னலுக்குக் கனத்த துணி மாட்டி, 7 மணி நேரத் தூக்கத்தை விட்டுக்கொடுக்காமல் இருப்பது நலம்.

கவலையைப் போக்க மதுவை நாடுவது தூக்கத்தையும் எதிர்ப்புச் சக்தியையும் மேலும் கெடுக்கும். மனம்விட்டுப் பேச ஒருவர் இருப்பது பெரிய பலம். ஊரைவிட்டு வந்த இடத்தில் அப்படி யாரும் இல்லாவிட்டால், 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் இலவச மனநல உதவியைத் தமிழிலேயே பெறலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. எல்லா நோய்க்கும் மனக்கவலையே காரணம் என்று தாமே முடிவு செய்துகொள்வது ஆபத்து. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்குக் காசு கிடையாது.