மாவுப் பசையில் நிற்கும் அன்னம்

புத்தம் புது ஜோடி. இளஞ்சிவப்பு சாட்டின், பளபளவென்று ஒரு சுருக்கம் இல்லாமல் இருக்கிறது. அதைக் கையில் வாங்கிய பாலே நடனமணி முதல் காரியமாக நுனியைக் கதவிடுக்கில் வைத்துக் கதவை அழுத்துகிறார். பிறகு சிமென்ட் படியில் நாலு சாத்து. உள்ளங்கால் அட்டையைப் பாதி பெயர்த்துக் கத்தரியால் ஒரு துண்டு வெட்டி எறிகிறார். வழுக்காமல் இருக்க, அடித்தோலில் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறுகிறார். இவ்வளவு பாடும் பட்ட பிறகுதான் அந்த ஷூ காலுக்கு ஆகும். ஆனாலும் பெரிய வேடம் என்றால் ஒரு மாலைகூடத் தாங்காது.

பாயிண்ட் ஷூ என்பது இதன் பெயர். விரல் நுனியில் எழும்பி நிற்கத் தாங்கும் ஷூ. தரையில் படும் அதன் நுனி ஒரு தீப்பெட்டி அளவுகூட இராது. உடம்பின் மொத்த எடையும் அதன்மேல். உள்ளே மரக்கட்டையோ இரும்போ இருக்கும் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான்: சாக்குத் துணி, காகித அட்டை, மாவுப் பசை. போஸ்டர் ஒட்டுகிறவர் விடியற்காலையில் வாளியில் கலக்கி எடுத்துப் போகிறாரே, ஏறக்குறைய அந்த ஜாதிப் பசைதான். ‘ஸ்வான் லேக்’ பாலேயில் வரும் அன்னம் நிற்பது அதன் பலத்தில்.

லண்டனில் ஃப்ரீட் என்றொரு நிறுவனம். பிரடெரிக் ஃப்ரீடும் மனைவி டோராவும் 1929-இல் தொடங்கியது. கோவென்ட் கார்டன் நாடக அரங்குகளுக்குப் பக்கத்தில் கடை. இன்றைக்கும் அந்த நிறுவனத்தில் ஷூ செய்வது கைவேலை. சாட்டின் மேல்பகுதியை உள்வெளியாகப் புரட்டிக் கால் வடிவக் கட்டையில் மாட்டுகிறார்கள். நுனியில் சாக்குத் துணியும் காகிதமும் ஒவ்வோர் அடுக்காகப் பசை தடவி ஏறுகின்றன. மீதித் துணியைக் குறடால் இழுத்து இழுத்துச் சின்னச் சின்ன மடிப்பாக அடியில் சேர்த்து, மெழுகு நூலால் தைத்து முடிக்கிறார்கள். பிறகு கட்டையிலிருந்து கழற்றி மொத்தத்தையும் வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். பசை ஈரமாக இருக்கும்போதே திருப்பியாக வேண்டும். கையில் வலு இல்லாதவருக்கு இந்த வேலை ஆகாது. நுனியைத் தட்டி உருவாக்கி இரவு முழுக்க அடுப்பில் காயவிட்டால் கல்லாக இறுகிவிடும். இதில் இடது வலது என்று கிடையாது. இரண்டும் ஒன்றே, எந்தக் கால் என்பதைப் போடுகிறவர் முடிவு செய்துகொள்வார்.

எனக்கு இதில் பிடித்த சங்கதி அடித்தோலில் இருக்கிறது. செய்தவரின் பெயர் அங்கே இராது, ஒரு முத்திரைதான் இருக்கும். ஒருவருக்கு நங்கூரம், ஒருவருக்குக் கிரீடம், மீன், மணி, அல்லது வெறும் ஓர் எழுத்து. நடனமணி கடையில் கேட்பதும் அந்த முத்திரையைச் சொல்லித்தான். ஒரே அளவு, ஒரே பசை, ஒரே சாட்டின். ஆனால் மீன்காரர் செய்தால் விரலுக்குப் பக்கத்தில் ஒரு நூல் இடம் அதிகம் இருக்கலாம், மணிக்காரர் நுனி சற்றுச் சப்பையாக இருக்கலாம். பிளவுஸ் தைக்கும் டெய்லர் ஊரைவிட்டுப் போனால் நம் வீட்டில் எப்படித் தவித்துப் போகிறார்கள்! அந்தத் தவிப்பு இங்கே பத்து மடங்கு. தன் ஆள் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்தால் இருக்கிற ஜோடிகளை வாங்கிப் பதுக்கி வைப்பவர்கள் உண்டு. இத்தனைக்கும் பல பேர் தங்கள் ஷூவைச் செய்தவர் முகத்தைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

மழை பெய்தால் போஸ்டர் உரிவதுபோல, வியர்வை ஊறினால் பசை இளகும். கால் சூட்டில் அட்டை துவளும். ‘ஸ்வான் லேக்’ ஆடும் நாயகிக்கு ஒரே இரவில் இரண்டு மூன்று ஜோடி தேவைப்படலாம். கறுப்பு அன்னமாக வந்து 32 முறை ஒற்றைக் காலில் சுழல விறைப்பான ஷூ வேண்டும். ‘ஜிசெல்’ பாலேயின் இரண்டாம் அங்கத்தில் ஆவியாக மிதக்கவோ நைந்த, சத்தம் போடாத ஜோடி வேண்டும். ஆவி டக் டக் என்று நடந்தால் யார் நம்புவார்கள்?

தொடக்கத்தில் இந்தப் பசையும் இல்லை. 1832-இல் பாரீஸில் ‘லா சில்ஃபீட்’ பாலேயில் விரல் நுனியில் ஆடிப் பெயர் வாங்கிய மரீ தாலியோனி போட்டது வெறும் மெல்லிய சாட்டின் செருப்பு. நுனியைச் சுற்றி நூலால் நெருக்கி இழையோட்டியிருந்தார், அவ்வளவே. மீதி முழுக்கக் காலின் பலம். அவர் ரஷ்யாவைவிட்டுப் புறப்பட்டபோது ரசிகர்கள் அவருடைய செருப்பை 200 ரூபிளுக்கு ஏலம் எடுத்து, வேகவைத்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. கட்டுக்கதையாகவே இருக்கட்டும், கட் அவுட்டுக்குப் பால் ஊற்றும் ஊர்க்காரர்கள் நாம், சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

நுனியைத் தட்டையாக்கி விறைப்பேற்றியவர்கள் இத்தாலியக் கைவினைஞர்கள். அந்த 32 சுழற்சியை ரஷ்யாவில் ஆடிக் காட்டிய பியரீனா லென்யானியும் இத்தாலிக்காரரே. ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் பாதம் மிகவும் வளைந்தது. தாங்குவதற்காக ஷூவைக் கடினப்படுத்திக்கொண்டார். அது ஏமாற்று வேலை என்று முணுமுணுப்பு. அவரும் விவரமானவர், புகைப்படங்களில் ஷூ நுனியைச் சுரண்டி ஊசிபோலக் கூராக்க வைத்தார்.

இதே பாவ்லோவாவைப் பார்த்து பாலே மோகம் கொண்டு, அவர் குழுவிலிருந்த கிளியோ நோர்டியிடம் பயின்றவர் ருக்மிணி தேவி. உங்கள் நாட்டு நடனத்தைத் தேடுங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டதும் பாவ்லோவாவே. 1936-இல் அடையாறில் அவர் தொடங்கிய கலாக்ஷேத்ராவுக்கு வெறுங்கால் போதும், தரையில் அறைந்து ஆடுவதற்கு.

சாட்டின் ஏன் இளஞ்சிவப்பு? வெள்ளைத் தோலோடு சேர்ந்து கால் நீளமாகத் தெரியத்தான். கறுப்பினக் கலைஞர்கள் என்ன செய்வார்கள்? நம் மேக்கப் அறைகளுக்குப் பழகிய பான்கேக்கை ஷூ முழுக்கப் பூசித் தங்கள் நிறத்துக்குக் கொண்டுவந்தார்கள். நியூயார்க்கில் 1969-இல் தொடங்கிய டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் 1970-களிலேயே அவரவர் தோல் நிறத்தில் ஷூவும் காலுறையும் அணிய வைத்தது. ஃப்ரீட் கம்பெனி, பாலே பிளாக் என்ற நடனக் குழுவோடு சேர்ந்து, பழுப்பு நிற ஷூக்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது 2018-இல். பசையில் அத்தனை நுணுக்கம் பார்த்த தொழில், சாயத் தொட்டியில் வேறு நிறம் கலக்க எடுத்துக்கொண்ட காலத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பசையை விரட்ட வந்ததும் உண்டு. 1993-இல் நியூயார்க்கில் தொடங்கிய கெய்னர் மிண்டன் நிறுவனம் அட்டைக்குப் பதில் ரப்பர்போல வளைந்து நிமிரும் செயற்கைப் பொருளை வைத்தது. எளிதில் துவளாது, கதவிடுக்கில் நசுக்கவும் வேண்டாம். கால் செய்ய வேண்டிய வேலையை ஷூ செய்துவிடுகிறது என்று பழைய ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். பாவ்லோவா கேட்ட அதே முணுமுணுப்பு.

பசை ஷூ இறந்துவிட்டால் அதில் கையெழுத்துப் போட்டு ரசிகர்களுக்கு விற்பதுண்டு. இறந்துவிட்டது என்றுதான் நடனமணிகள் பேச்சுவழக்கிலும் சொல்கிறார்கள். மறுநாள் காலை நம் நடனமணி ஒத்திகைக் கூடத்து மூலையில் ஊசியும் புது ஜோடியுமாக உட்கார்ந்திருப்பார். ரிப்பனைக் கம்பெனி தைத்துத் தருவதில்லை. கணுக்கால் ஆளுக்கு ஆள் வேறு. சாதா நூல் அறுந்துவிடும் என்பதால் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸ் இழையைக் கோத்திருக்கிறார். தைக்கும் முன் ஷூவைத் திருப்பி அடித்தோலைப் பார்க்கிறார். மீன் முத்திரைதான்.