அச்சாணி இல்லாத தேர்: கார் தொழிலை நிறுத்திய சிப் தட்டுப்பாடு

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். 2021-ஆம் ஆண்டில் உலகின் பெரிய கார் கம்பெனிகளுக்கு இந்த நிலைதான் ஏற்பட்டது. எஞ்சின் தயார், டயர் தயார், ஆட்கள் தயார். 'சிப்' எனப்படும் செமிகண்டக்டர் மட்டும் இல்லை. கார் நமது கடைச் சரக்கு அல்ல. ஆனாலும் அங்கே சிக்கல் வந்தது கொள்முதலில்தான் என்பதால், வியாபாரிகளாகிய நாம் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சிப் என்பது சிலிக்கான் தகட்டில் நுண்ணிய மின்சுற்றுகளைப் பதித்துத் துண்டு துண்டாக வெட்டியெடுக்கும் பொருள். பல சிப்புகள் விரல் நகத்தின் அளவுகூட இரா. இன்றைய காரில் எஞ்சின், பிரேக், ஏர்பேக், கண்ணாடியை ஏற்றி இறக்குவது என எல்லாவற்றிலும் இது உண்டு. ஒரு காரில் நூற்றுக்கணக்கான சிப்புகள் இருக்கும். பலவற்றின் விலை மிகச் சொற்பம். ஆனால் ஒன்று குறைந்தாலும் வண்டியை விற்க முடியாது.

தட்டுப்பாடு வந்த விதம்

2020-ல் கொரோனாவால் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. விற்பனை படுத்துவிடும் என்று கணக்குப் போட்ட கார் கம்பெனிகள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. அதே சமயம் வேலையும் படிப்பும் வீட்டிலிருந்தே நடந்ததால் கம்ப்யூட்டர் வியாபாரம் ஏறியது. சிப் ஆலைகள் அந்த ஆர்டர்களை எடுத்துக்கொண்டன. ஆண்டுக் கடைசியில் கார் விற்பனை எதிர்பாராத வேகத்தில் மீண்டபோது, கார் கம்பெனிகள் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதாயிற்று. பிறருக்காகச் சிப் செய்து தரும் ஆலைகளில் மிகப் பெரியது தைவானின் டி.எஸ்.எம்.சி. அதன் 2020 வருமானத்தில் கார் தொழிலின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். உலகறிந்த கம்பெனிகளாக இருந்தும் அந்தக் கடையில் அவர்கள் சிறு வாடிக்கையாளர்களே.

கூடுதல் விலை கொடுத்தாலும் சரக்கு உடனே வராது. ஒரு சிப் தயாராக 3 மாதத்துக்கு மேல் ஆகும். புதிய ஆலை கட்டுவதற்கோ ஆண்டுகள் பிடிக்கும். பட்ட காலிலே படும் என்பதுபோல, 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடுங்குளிரால் மின்சாரம் நின்று சிப் ஆலைகள் மூடின. மார்ச் 19 அன்று ஜப்பானில் ரெனசாஸ் நிறுவனத்தின் நாகா ஆலையில் தீப்பிடித்தது.

விளைவு என்ன? ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிகள் சிப் பொருத்தாத வண்டிகளை மைதானங்களில் வரிசையாக நிறுத்தி வைத்தன. புதிய கார் கிடைக்காததால், 2021 ஜூனில் அமெரிக்காவில் பழைய கார் விலை முந்தைய ஆண்டைவிட 45 சதவீதம் கூடியிருந்தது. நம் நாட்டில் மாருதி சுசுகி, 2021 செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதமே நடக்கும் என்று அறிவித்தது.

இருப்பு வைத்தவர் நிலை

தேவைப்படும் வேளைக்குத்தான் சரக்கு வர வேண்டும், கிடங்கில் பணம் முடங்கக் கூடாது என்ற முறையை உலகுக்குக் கற்றுக்கொடுத்ததே டொயோட்டா கம்பெனிதான். 2011 நிலநடுக்கத்தில் அதே நாகா ஆலை நின்றபோது அது பாடம் கற்றது. எந்தெந்தப் பொருள் எளிதில் கிடைக்காது என்று பட்டியல் எடுத்து, சிப்புகளில் 2 முதல் 6 மாத இருப்பு வைக்கும்படி தனக்குச் சப்ளை செய்வோரிடம் சொன்னது. 2021 தொடக்கத்தில் மற்றவர்கள் திண்டாடியபோது டொயோட்டா பெரும்பாலும் சமாளித்தது. ஆனால் தட்டுப்பாடு நீண்டுகொண்டே போனதால், செப்டம்பரில் அதுவும் திட்டமிட்ட உற்பத்தியில் சுமார் 40 சதவீதத்தைக் குறைத்தது. இருப்பு அவகாசம் தரும், தட்டுப்பாட்டையே போக்கிவிடாது.

நமக்கும் இதில் கணக்கு உண்டு. எல்லாச் சரக்கையும் குவித்தால் முதல் முடங்கும், வட்டி ஏறும், பண்டம் கெடும். ஆகவே ஒரே இடத்திலிருந்து வருவது எது, கேட்டால் வர நாளாவது எது, அது இல்லாவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவது எது என்று பார்த்து, அவற்றில் மட்டும் கூடுதல் இருப்பு வைக்கலாம். மந்த காலத்தில் ஆர்டரை அடியோடு நிறுத்தாமல், 10 மூட்டை எடுத்த இடத்தில் 2 மூட்டையாவது எடுத்து வந்தால், கிராக்கி வரும் நாளில் மொத்த வியாபாரி நம்மை மறக்க மாட்டார். வரிசையில் விட்ட இடத்தைப் பணம் கொடுத்தும் கார் கம்பெனிகளால் உடனே திரும்பப் பிடிக்க முடியவில்லை.