ஃப்ளின்ட் தண்ணீரும் நீக்கப்பட்ட ரெண்டு சாம்பிளும்

தண்ணி கெட்டுப்போச்சுன்னு மக்கள் சொல்றாங்க, நல்லாத்தான் இருக்குன்னு அரசு சொல்லுது. யாரை நம்புறது? "டெஸ்ட் ரிப்போர்ட்டைப் பாரு"ன்னு நாம சொல்லிடுவோம். ஆனா அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃப்ளின்ட் நகரத்தில் சண்டையே அந்த ரிப்போர்ட்டைப் பத்தித்தான்.

2014 ஏப்ரல் வரை அந்த ஊருக்கு டெட்ராய்ட் வழியாக ஹியூரான் ஏரித் தண்ணீர் வந்தது. செலவைக் குறைக்க ஃப்ளின்ட் ஆற்றுக்கு மாறினார்கள். பைப் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய பைப்களுக்குள் இருந்த பாதுகாப்புப் படலம் கரைந்து, ஈயம் தண்ணீரில் கலந்தது. அதே அக்டோபரில், இன்ஜின் பாகங்கள் துருப்பிடிக்குதுன்னு ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்தத் தண்ணியை நிறுத்திடுச்சு. மக்கள் மட்டும் இன்னும் ஒரு வருஷம் அதையே குடிச்சாங்க.

விதி என்னன்னா, வீட்டுக் குழாய் சாம்பிள்களை ஈய அளவுப்படி அடுக்கணும். 90-ஆவது பெர்சன்டைலில் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினா நடவடிக்கை எடுத்தே ஆகணும். 2015 முதல் பாதியில் எடுத்தது 71 சாம்பிள். கணக்கு 15-ஐத் தாண்டியது. அதிக ஈயம் இருந்த ரெண்டை "விதிக்குப் பொருந்தலை"ன்னு நீக்கினதும் 11-க்கு இறங்கிடுச்சு! நீக்கியதில் ஒன்று 104 மைக்ரோகிராம் காட்டிய வீடு. காரணம், அங்கே ஃபில்டர் இருந்ததாம். ஃபில்டர் இருந்தா ஈயம் குறையத்தானே செய்யும்? இதுபோக, முந்தின ராத்திரியே குழாயைத் திறந்து சில நிமிஷம் ஓடவிடச் சொல்லியிருந்தாங்க. ஓடவிட்டா பைப்பில் தேங்கின ஈயம் வெளியே போயிடும், சாம்பிளும் சுத்தமா வரும்.

வெர்ஜீனியா டெக் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸ் குழு 300 கிட் அனுப்பியது. வீடு வீடாகப் போய்ச் சாம்பிள் சேர்த்தது ஊர்க்காரங்கதான். 250-க்கு மேல் திரும்பி வந்தன. ஈயம் 15-ஐத் தாண்டியிருந்தது. செப்டம்பரில் டாக்டர் மோனா ஹன்னா-அட்டிஷா, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் கூடியிருப்பதைக் காட்டினார். முதலில் மறுத்த மாநில அரசு சில நாளிலேயே இறங்கி வந்தது. அக்டோபர் 16-ல் டெட்ராய்ட் தண்ணீர் திரும்ப வந்தது.

என்னைக் கேட்டா, பிரச்சினை அதோட தீரலை. பைப் மாத்துறோம்னு வாய்ல சொன்னதை யாரும் நம்பத் தயாரா இல்லை. வழக்குக்குப் பிறகு 2017-ல் வந்த உடன்படிக்கைதான் அதைக் கட்டாயமாக்கியது: பைப் மாற்ற 9.7 கோடி டாலர், 18,000 வீடுகளில் சோதனை, கெடு 2020 தொடக்கம், தவறினால் கோர்ட். கெடு தவறியது, மனுதாரர்கள் திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்குப் போனாங்க. வேலை முடிந்ததாக மாநில அரசு அறிவித்தது 2025 ஜூலையில்.