மாட்டின் நான்காம் இரைப்பையும் ஒட்டுண்ணிப் புழுவும்

மாட்டின் இரைப்பை நான்கு அறைகளையுடையது. அவற்றுள் அமிலமும் செரிமான நீரும் சுரப்பது நான்காம் அறையேயாம். குளிர்நாட்டு மேய்ச்சல் நிலங்களில் இவ்வறையைப் பற்றி வருத்தும் புழு 'ஒஸ்டர்டாஜியா' எனப்படும். 1890ஆம் ஆண்டில் இதனைக் கண்டறிந்த செருமானிய விலங்கு மருத்துவர் ஒஸ்டர்டாக்கின் பெயரையே இது தாங்கி நிற்கின்றது.

புல்லோடு உட்செல்லும் குடம்பிகள் இரைப்பைச் சுவரின் சுரப்பிகளுட் புகுந்து, ஏறக்குறைய 3 வாரம் வளர்ந்து வெளிப்படுகின்றன. அப்பொழுது அமிலஞ் சுரக்கும் கலங்கள் அழிய, முதிராக் கலங்கள் அவற்றினிடத்தை நிரப்புகின்றன. சுவர் தடித்து, முடிச்சுக்கள் நிறைந்து, பதனிட்ட தோல்போலத் தோன்றும். அமிலங் குன்றவே, 2 அளவில் நின்ற பீ.எச். பெறுமானம் 7 வரை உயரும். அமிலமின்றேல் பெப்சினோசன் பெப்சினாக மாறாது. புரதமும் செவ்வனே செரியாது. தளர்ந்த சுவரினூடே குருதிப் புரதமும் கசிந்தொழுகும். ஆகவே, பசும்புல் நடுவே நின்றும் கன்று பசி குன்றிக் கழிச்சலால் மெலிகின்றது.

சில குடம்பிகள் சுரப்பிகளுள்ளே பல மாதம் உறங்கிக் கிடந்து, பின் ஒருங்கே வெளிப்படுவதுமுண்டு. மேய்ச்சற் காலங் கழிந்து தொழுவத்தில் நிற்கும் மாடு மாரியிறுதியில் திடீரென நோயுறுதல் இதனாலேயாம். மருந்தினாற் புழு மடியினும், சிதைந்த சுரப்பிகள் மீளத் தழைக்கக் காலம் வேண்டும். ஆதலின், புழு மலிந்த நிலத்தில் இளங்கன்றுகளை மேயவிடாது காத்தலே சாலச் சிறந்தது.